சொல்வதெழுதல் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்வோருக்கான தமிழ்ச் சொல்வதெழுதல் போட்டி பெப்ரவரி 21ஆம் தேதி, சர்வதேசத் தாய்மொழி தினத்தன்று நடக்கிறது. சொற்பட்டியல் போடுவதும் அன்று சொற்களை வாசிப்பதும் என் பொறுப்பு. அறிவித்தல் ஒட்டியதிலிருந்து ஆபீஸ் வாசலிலும் ஸ்டோரிலும் மறித்து மறித்துக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று பட்டது.

ஏன் பெப்ரவரி?

யுனெஸ்கோ 1999இல் அறிவித்த நாள் அது. ஆனால் உண்மையான காரணம் கொழுந்து. எங்கள் பக்கம் சித்திரை, வைகாசியில் கொழுந்து கொட்டும். அப்போது ஆபீசில் பேனா பிடிப்பவருக்கும் நேரம் இருக்காது, மலையில் நிற்பவருக்கும் இருக்காது. மாசியில் பகலில் வெயில், விடியலில் பனி, கொழுந்து குறைவு. 10ஆம் தேதிச் சம்பளம் முடிந்திருக்கும், 25ஆம் தேதி அட்வான்ஸ் இன்னும் வந்திருக்காது. இடையில் கிடைக்கிற அமைதியான கிழமை அதுதான்.

எழுந்து நின்று எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டுமா? டீவியில் காட்டுகிற ‘ஸ்பெல்லிங் பீ’ மாதிரி?

வேண்டாம். அமெரிக்காவில் 1925இல் தொடங்கிய அந்தத் தேசியப் போட்டி வாயால் எழுத்துக்கூட்டும் போட்டி. ஆங்கிலத்தில் ஒலி ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்பதால் அங்கே அது நல்ல சோதனை. தமிழில் எழுத்தின் பெயரே அதன் ஒலி. ‘மழை’யை ‘ம, ழை’ என்று பிரித்துச் சொன்னால் சொல்லைத் திரும்பச் சொன்னதுதான் மிச்சம். நீங்கள் சொன்னது எந்த ‘ழை’ என்று நடுவர் கேட்க, அங்கேயே ஒரு வழக்குத் தொடங்கும். ஆகவே தாளும் பேனாவும்தான்.

எத்தனை சுற்று?

மூன்று. முதற்சுற்றில் 25 தனிச்சொற்கள். இரண்டாவதில் 15 வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும் இரண்டு சொற்கள் இருக்கும். மூன்றாவதில் சுற்றறிக்கை நடையில் ஒரு பந்தி. தனிச்சொற்களை மூன்று தரம் வாசிப்பேன்: தனியாக, வாக்கியத்தில் வைத்து, மறுபடி தனியாக. நாலாவது தரம் கிடையாது.

‘கடினமான சொற்கள்’ என்று போட்டிருக்கிறதே, சங்க இலக்கியத்திலிருந்தா வரும்?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். பாதிப் பேர் பெயர் கொடுக்கத் தயங்குவதும் இதனால்தான்.

வராது. யாருக்கும் தெரியாத சொல்லைக் கொடுத்து ஆளை விழுத்துவது சுலபம். அதில் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. பட்டியல் முழுக்க நாம் அன்றாடம் கைவைக்கிற தாள்களிலிருந்து எடுத்தது: சம்பளச் சீட்டு, வவுச்சர், லீவுப் படிவம், டிஸ்பென்சரிச் சுவரில் ஒட்டிய அறிவித்தல், ஊழியர் சேமலாப நிதிக் கடிதம். தினமும் பார்க்கிற சொல்லில்தான் பிழை அதிகம். பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போய், பிழையே சரியாகத் தெரியத் தொடங்கிவிடுகிறது.

வவுச்சரையே எடுங்கள். 300 ரூபாயை எழுத்தால் எழுதச் சொன்னால் பெரும்பாலோர் கை ‘முன்னூறு’ என்றுதான் போகும். சரியானது முந்நூறு. மூன்று ‘மு’ என்று குறுகி நூறோடு சேரும்போது, நூறின் ந இரட்டிக்கிறது. முன்னூறு என்று எழுதினால் அது முன்னால் இருக்கிற நூறு. அதே கணக்கில்தான் ஐந்நூறும். நானூறு மட்டும் வேறு. அங்கே நான்கின் ன நிற்கிறது. டிஸ்பென்சரியில் மருந்தைக் கலக்கச் சொல்வதும் வெந்நீரில்தான், ‘வென்னீரில்’ அல்ல.

அடுத்தது பேருந்து. இலங்கையில் எந்த ஊருக்குப் போனாலும் ‘பேரூந்து’ என்று ஒரு பலகையாவது கண்ணில் படும். பெருமையோடு சேர்வது உந்து, அதில் உ குறில். ஓய்வூதியத்தில் சேர்வது ஊதியம், அதில் ஊ நெடில். இரண்டையும் மாற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘ஊர்ந்து போகிற வண்டிதானே’ என்று சமாதானம் சொல்வார்கள். கினிகத்தேனை ஏற்றத்தில் அது உண்மைதான், ஆனாலும் புள்ளி கிடைக்காது.

சுற்றறிக்கை என்ற சொல்லை ஒரு தாளில் வேகமாக நாலைந்து தரம் எழுதிப் பாருங்கள். ற்ற முடிந்த கையோடு இன்னொரு றி வர வேண்டும். கை களைத்து, தானாக ரி போட்டுவிடும்.

சில்லறை (‘சில்லரை’ அல்ல), பதற்றம் (‘பதட்டம்’ அல்ல), அடைமழை (‘அடமழை’ அல்ல), எண்ணெய், அறுகம்புல், சுவரில் (‘சுவற்றில்’ அல்ல), பொறுத்தவரை, விண்ணப்பம், திணைக்களம், இழப்பீடு. இவை எல்லாம் பட்டியலில் இருக்கின்றன என்று சொல்லவில்லை. இந்த வகை என்கிறேன்.

மனப்பாடம் பண்ணாமல் தப்பிக்க ஏதாவது விதி உண்டா?

சிலவற்றுக்கு உண்டு, நல்ல உறுதியான விதிகள்.

ந, ன, ண மூன்றையும் பழைய ஆசிரியர்கள் தந்நகரம், றன்னகரம், டண்ணகரம் என்று சொல்லிக் கொடுப்பார்கள். பெயருக்குள்ளேயே விதி இருக்கிறது: தகரத்துக்கு முன் ந் (பந்தி), றகரத்துக்கு முன் ன் (கன்று), டகரத்துக்கு முன் ண் (வண்டி). தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் ந மட்டும்தான் வரும். மற்ற இரண்டும் வரமாட்டா. ன் பக்கத்தில் ர வராது என்பதும் இதிலேயே அடங்கும். ‘என்ரு’, ‘மூன்ரு’ என்று எழுதுகிறவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே ஒரு சுற்றுத் தாண்டலாம்.

அடுத்த விதி: ட், ற் இரண்டுக்கும் பக்கத்தில் இன்னொரு புள்ளி எழுத்து நிற்காது. ஆகவே முயற்சி, பயிற்சி, கட்சி, ஆட்சி, தொழிற்சாலை, தொழிற்சங்கம். இவற்றில் எங்கேயும் ‘ற்ச்’, ‘ட்ச்’ வராது. ர், ழ் அப்படியல்ல, பக்கத்தில் இடம் கொடுக்கும்: வளர்ச்சி, தேர்ச்சி, அதிர்ச்சி, மகிழ்ச்சி. ‘முயற்ச்சி திருவினையாக்கும்’ என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏணியும் வெள்ளைச் சுண்ணாம்பும் தேவைப்படும்.

ல, ள, ழ மூன்றுக்கும் விதி கிடையாது. உறவு பிடித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கழிவுக்கு ழ போடுவதா ள போடுவதா என்று குழப்பமா? கழித்தல் கணக்கை நினையுங்கள். விளைச்சலுக்கு விளைவு. ர, ற இரண்டுக்கும் இதே வைத்தியம் உதவும்: விடுமுறை, முறைப்பாடு, மேன்முறையீடு எல்லாம் ‘முறை’ வீட்டுப் பிள்ளைகள். கொழுந்துக்கு மட்டும் யாரும் உறவு தேட வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். போன மாதம் வந்த ஒரு கணக்குத் தாளில் அது ‘கொளுந்து’ என்று எரிந்துகொண்டிருந்தது.

நம் வாயில் ழ வராதே. வாசிப்பவர் எப்படி வாசிப்பார்?

மழையை மளை என்றும் கோழியைக் கோளி என்றும்தான் நம்மில் பெரும்பாலோர் பேசுகிறோம். முன்னோர் திருச்சி, மதுரை, சேலம் என்று ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் கொண்டுவந்த பேச்சு இங்கே ஒன்றாகிக் கிடக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வேலை செய்கிறவர்களைக் கேட்டாலும் பேச்சில் ள தான். அதில் குறை ஒன்றும் இல்லை.

நான் ழகரத்தை அதற்குரிய ஒலியோடுதான் வாசிப்பேன். அது விடையைக் காட்டிக்கொடுப்பது ஆகாதா என்று ஸ்டோரில் ஒரு தம்பி கேட்டார். ஆகாது. ஒலியைக் கேட்டு எழுத்தைப் பிடிப்பதுதானே போட்டி. அழுத்தி, இழுத்து, நாக்கை மடித்துக் காட்டுகிற வேலை மட்டும் இருக்காது. ஆனால் ந, ன இரண்டுக்கும் ஒலியில் வேறுபாடு கேட்காது. ர, ற இரண்டுக்கும் இன்றைய பேச்சில் அநேகமாகக் கேட்காது. அதற்காகத்தான் வாக்கியம். இரண்டாவது சுற்றுக்கு மாதிரி இரண்டு:

வேளைக்கு வேலைக்குப் போனால் அரைப்பேர் விழாது.

சம்பளத்தில் கழிவு போகக் களைப்புத்தான் மிச்சம்.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளக் கணக்கு, அரைப்பேர் அதில் பாதி. அதை ‘அறைப்பேர்’ என்று எழுதினால் யாரோ யாரையோ அறைந்ததாக ஆகிவிடும்.

ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதுகிறார்களே, எது சரி?

கோயில், கோவில் இரண்டும் சரி. பவளம், பவழம் இரண்டும் சரி. நாம் உழுந்து என்கிறோம், தமிழ்நாட்டுக் கடைப் பொதியில் உளுந்து என்று அச்சிட்டிருக்கும். இரண்டும் அகராதியில் உண்டு, சங்கப் பாட்டில் வருவது நம்முடைய உழுந்து. கறுப்பா, கருப்பா என்ற சண்டைக்கு முடிவே இல்லை. ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று தொல்காப்பியம் சொல்வதைப் பிடித்துக்கொண்டு கறுப்பு கோபத்துக்கு மட்டும் என்பார்கள். நிறத்துக்கும் அவை உரியன என்று அடுத்தாற்போலவே தொல்காப்பியர் சொல்லிவிட்டதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள். என் கட்சி கறுப்பு. ஆனாலும் கருப்பு என்று எழுதுகிறவருக்குப் புள்ளி குறைக்கமாட்டேன்.

வாழ்த்துகள், வாழ்த்துக்கள் இரண்டையும் ஏற்போம். நம் அரசியலமைப்பின் தமிழ் உரை ‘சனாதிபதி’ என்கிறது, பத்திரிகைகள் ‘ஜனாதிபதி’ என்கின்றன. கிரந்த எழுத்து உள்ள சொற்களை அதனாலேயே தவிர்த்துவிட்டேன்.

தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்ல இரண்டு அகராதிகள் மேசையில் இருக்கும். ஒன்று சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன். மற்றது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 2008இல் வந்த விரிவான பதிப்பு. இலங்கை வழக்குச் சொற்களும் சேர்ந்தது அதில்தான். இரண்டில் ஒன்று ஏற்றுக்கொண்ட வடிவத்துக்குப் புள்ளி உண்டு.

ஊர்ப்பெயர்கள், ஆங்கிலச் சொற்கள், தோட்டத்துச் சொற்கள் வருமா?

மூன்றும் வராது. ஹட்டனா, அட்டனா? தலவாக்கலையா, தலவாக்கொல்லையா? ஒரே தெருவில் இரண்டு பலகை இருக்கும்போது நான் யார் பக்கம் நிற்பது? ஆங்கிலச் சொற்களிலும் அப்படித்தான். நாம் டயர், டிக்கெட் என்று எழுதுவதை யாழ்ப்பாணத்தார் ரயர், ரிக்கற் என்பார்கள். அவரவர் வழக்கு அவரவருக்கு.

பெரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது), கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), கொந்தரப்பு (ஒப்பந்த வேலை) ஆகியவற்றை விட்டதில் சிலருக்கு வருத்தம். எனக்கும் ஆசைதான். ஆனால் பெரட்டு என்பது ஆங்கிலத்துப் ‘பரேட்’ நம் வாயில் உருண்டு உருவானது. பிரட்டு என்பாரும் உண்டு, பெரட்டு என்பாரும் உண்டு. அதற்குச் சரி பிழை சொல்ல மேசையில் எந்த அகராதியும் போதாது.

ஒற்று விட்டால் புள்ளி போகுமா?

மூன்றாம் சுற்றில் மட்டும், அதுவும் அரைப் புள்ளி. தேயிலைத் தூள், தேயிலைக் கொழுந்து போன்ற நேரான இடங்களையே கணக்கில் எடுப்போம். பண்டிதர்களே அடித்துக்கொள்ளும் இடங்களைத் தொடப்போவதில்லை. ஒன்று மட்டும் கவனம்: ‘வேலை கொடு’ என்று துரைக்கு விண்ணப்பம் எழுதலாம். ‘வேலைக் கொடு’ என்று எழுதினால் அது முருகனிடம் போய் வேலாயுதத்தைக் கேட்பது. தேவையில்லாத இடத்தில் ஒற்றுப் போடுவதும் பிழைதான்.

எழுத்துப்பிழையால் அப்படி என்ன கெட்டுவிடப் போகிறது?

சேமலாப நிதிப் பணத்தை எடுக்க அலைந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயர். தமிழ் தெரியாத ஒருவர் காதில் விழுந்ததைச் சிங்களத்தில் எழுதியிருப்பார், இன்னொருவர் அதை ஆங்கிலமாக்கியிருப்பார், திரும்பத் தமிழுக்கு வரும்போது வள்ளியம்மை வல்லியம்மா ஆகியிருப்பார். மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்டச் சத்தியக் கடதாசி, கிராம அலுவலர் கடிதம், பஸ் காசு. பெயர் பிழைத்ததற்காக ஒரு நாள் பேரும் போகும்.

அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் 1987இல் தமிழும் அரச கரும மொழியானது. படிவத்தைத் தமிழில் தாருங்கள் என்று கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு. வாங்கிய படிவத்தை நாமே பிழையாக நிரப்பிவிட்டு யாரைக் குறை சொல்வது?

கையெழுத்து மோசம் என்றால்?

அழகுக்குப் புள்ளி இல்லை, தெளிவுக்கு உண்டு. வேகத்தில் எழுதும்போது ன, ண இரண்டின் சுழிகளும் ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டா மூன்றா என்று எண்ண முடியாமல் போகும். அப்படிச் சந்தேகம் வந்தால் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கமாட்டோம். அதே தாளில் வேறு இடத்தில் நீங்கள் எழுதிய ன, ண இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அப்போதும் தெளியாவிட்டால் பிழை. ரகரத்துக்குக் கீழே கோடு இழுக்க மறந்தால் அது கால் ஆகிவிடும், இதையும் கவனியுங்கள்.

ஔவையாரில் வரும் ஔகாரம் கையெழுத்தில் ஒகரமும் ளகரமும் பக்கத்தில் நிற்பது போலத்தான் தெரியும். கணினியில் மட்டுமே இது பிழையாகக் கண்டுபிடிக்கப்படும், தாளில் விட்டுவிடுவோம். லை, னை, ணா, றா போன்றவற்றைப் பழைய கொம்பு, சுழி வடிவத்தில் எழுதும் பெரியவர்கள் அப்படியே எழுதலாம். தமிழ்நாட்டு அரசு 1978இல் அவற்றை மாற்றி ஆணை போட்டது அச்சுக்கும் பள்ளிக்கும் வசதியாக. அதற்கு முன் கற்ற கை பிழையானதல்ல.

அறிவித்தலில் ‘உத்தியோகத்தர்’ என்று இருக்கிறதே. கொழுந்து எடுக்கிற நாங்களும் சேரலாமா?

சேரலாம். அறிவித்தலைத் திருத்தி ஒட்டியாயிற்று. மாதச் சம்பளமோ நாள் சம்பளமோ, தோட்டத்தில் பெயர் பதிந்த எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே பட்டியல். கடைசிக் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகுதான் தொடங்குவோம், ஆகவே யாருக்கும் பேர் வெட்டு இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றதாக ஓர் அக்கா தயங்கினார். வாசிகசாலைப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர் அவர். என் கணிப்பில் ஆபீஸ்காரர்கள் கொஞ்சம் கவனமாக இருப்பது நல்லது.

சிங்கள நண்பர்கள்?

தாராளமாக. சிங்களத்திலும் ந இரண்டு, ல இரண்டு. பேச்சில் ஒன்றாகிவிட்டன, எழுத்தில் மட்டும் வேறு. நம் கஷ்டம் அவர்களுக்குச் சொல்லாமலே புரியும். அரச சேவையில் 2007 ஜூலைக்குப் பின் சேர்ந்தவர்கள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பதால், பக்கத்துப் பிரதேச செயலகத்தில் இருப்போரும் பயிற்சியாக எழுதிப் பார்க்கக் கேட்டிருக்கிறார்கள். தாள் கொடுப்போம், பரிசுக் கணக்கில் சேர்க்கமாட்டோம்.

ஒரு கிழமையில் தயாராக முடியுமா?

போனை ஒதுக்கி வையுங்கள். இரண்டு எழுத்துத் தட்டினால் மிச்சத்தை அதுவே நீட்டிவிடுகிறது; நம் கைக்கு எதுவும் படிவதில்லை. வீட்டில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் புத்தகத்தை அதன் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். திருத்துகிற வேலையையும் பிள்ளையிடமே விடுங்கள். ஈவிரக்கம் பார்க்காமல் சிவப்புப் பேனா போடும்.

தீர்ப்பில் உடன்பாடு இல்லை என்றால்?

முடிவு சொல்லிப் பத்து நிமிடத்துக்குள், எந்தச் சொல், எந்த அகராதி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ‘பத்திரிகையில் இப்படித்தான் போட்டிருந்தான்’, ‘எங்கள் சேர் இப்படித்தான் சொல்லித் தந்தார்’ இரண்டும் செல்லாது. முறைப்பாட்டுத் தாளில் இருக்கும் எழுத்துப்பிழைகளுக்குப் புள்ளி குறைக்கமாட்டோம். சத்தமாக வாசித்துக் காட்டுவோம்.

பரிசு என்ன? பெயரை எங்கே கொடுப்பது?

முதல் மூவருக்கும் புத்தகம் வாங்க வவுச்சர். தொகையை எழுத்தால் எழுதி நிரப்ப வேண்டியது வென்றவரேதான். பெயர்களை 18ஆம் தேதி மாலைக்குள் ஆபீசில் கிளாக்கரிடம் கொடுங்கள், அடையாள அட்டையில் இருக்கிறபடியே எழுதி. பேனாவை நீங்களே கொண்டுவாருங்கள். பென்சில் செல்லாது.